நெரிடாவின் கதையை நான் காத்த விதம்

கிட்டே வந்து உட்கார், தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார். ஸ்கோன் ரொட்டியை இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தேன். ஆறிவிட்டால் ஜன்னலை உடைக்கத்தான் உதவும். ஜாம் என் தோட்டத்து பிளம் பழத்தில் செய்தது. சாப்பிட மாட்டாயா? சரி, உன் விருப்பம். அந்தப் பதிவுக் கருவியை மட்டும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்காதே.

வாக்குமூலம் வேண்டும் என்று போலீஸ் உடுப்போடு வந்திருக்கிறாய். எனக்கு அதெல்லாம் கொடுத்துப் பழக்கமில்லை. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே, பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் என் படிப்பெல்லாம். அதனால் இதையும் கதையாகவே சொல்கிறேன். நல்ல கதை, ராசா. நடுவில் சிரிக்கவும் இடம் இருக்கிறது.

நம் ஊர்க் கூடத்தில் வியாழன் மதியம் எழுத்து வட்டம் கூடுவது உனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அம்மாகூடக் கொஞ்ச நாள் வந்தாள். குதிரையைப் பற்றி ஒன்று எழுதினாள். கேட்டிருந்தால் அந்தக் குதிரையே வெட்கப்பட்டிருக்கும். ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும், எழுதியதைப் படிக்க வேண்டும், மற்றவர்கள் நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். வட்டம் என்றால் அவ்வளவுதான். க்ளைவ் வருவான். வக்கீல் ஆபீசில் வீடு, நிலப் பத்திரங்கள் எழுதி ஓய்வு பெற்றவன். தன் முழங்கால் வலியைப் பற்றிக் கவிதை எழுதுவான், இடது காலுக்குத் தனி, வலது காலுக்குத் தனி. நெரிடா வருவாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மற்றவர்கள் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் மாதிரி வந்து போவார்கள்.

வட்டத்துக்குச் சட்டம் போட்டவள் நான். ஒருவர் படிக்கும்போது எல்லாருடைய கைபேசியும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். யார் கையிலும் பென்சில் இருக்கக்கூடாது. படித்தவர் தன் தாளைத் தானே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். படி எடுக்கக்கூடாது. கணினியில் எழுதவே கூடாது, அதற்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? டைப்ரைட்டரில் அடி, ஒரே ஒரு பிரதி வைத்துக்கொள், வாயை மூடிக்கொள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் கடைசியில் அப்படித்தான் நடந்தார்கள். வெளிவராத எழுத்து கதவில்லாத வீடு மாதிரி, தம்பி. அதற்கு யாராவது காவல் இருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்பாய். சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன் அல்லவா, அங்கேதான் ஆரம்பம். மண்ணில் வளை தோண்டும் குண்டு வோம்பாட் ஒன்று தன் வளையை, முள்ளம்பன்றி மாதிரி உடம்பெல்லாம் முள்ளான எக்கிட்னாவுக்கு வாடகைக்கு விட்டு, முள் குத்தித் தவித்த கதையை நான் வெகு காலமாகச் சொல்லி வந்தேன். சிட்னியிலிருந்து ஊர் ஊராகப் போகும் எழுத்தாளர் ஒருவர் ஒருநாள் வந்து பின் வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு படப் புத்தகம் வந்தது. அதில் ஒரு வோம்பாட், ஒரு வளை, ஒரு வாடகைக்காரர். எக்கிட்னாவுக்குப் பதில் தட்டைவாய் ப்ளாட்டிபஸ். அவ்வளவுதான் மாற்றம்.

ஹோபார்ட்டில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"அதை எங்கயாச்சும் எழுதி வெச்சிருந்தீங்களாம்மா?"

"இல்ல கண்ணு, வாயாலதான் சொல்லுவேன்."

"அப்ப அதுக்கு உரிமைன்னு ஒண்ணும் இல்லீங்களே. எழுதியிருந்தாலும் உங்க வார்த்தைக்குத்தான் பாதுகாப்பு, யோசனைக்குக் கெடையாது."

"சரி, இனிமே எழுதினா எங்க போய்ப் பதியணும்?"

"எங்கயும் பதிய வேண்டாம்மா. எழுதின நிமிஷமே உரிமை தானா வந்துடும். நீங்க எதுவுமே செய்ய வேண்டாம்."

எதுவுமே செய்ய வேண்டாமாம். யோசித்துப் பார். நாய் வளர்த்தால் ஊராட்சியில் பதிய வேண்டும், கழுத்தில் வில்லை மாட்ட வேண்டும், தோலுக்கடியில் சில்லு வைக்க வேண்டும். ஒருத்தியின் மூளையைக் கசக்கிப் பிறந்த கதைக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம், தானாக வந்துவிடும். தானாக வருவது ஜலதோஷம்தான், கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை வட்டத்தில் சொன்னபோது க்ளைவ் தாடையைத் தடவினான். "மேவிஸ், அந்த வோம்பாட் கதை பட்டாணி ஃபாக்டரியில ஐரிஸ் சொன்னதுன்னு நீதானே எங்கிட்ட ஒருதரம் சொன்னே?"

ஐரிஸ் அதைச் சரியாகச் சொல்லவில்லை. நான்தான் சரியாகச் சொன்னேன். அது வேறு விஷயம்.

நெரிடாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றும் வரை பேருந்தைக் கடலோரம் நிறுத்தி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து, மடியில் டைப்ரைட்டரை வைத்துத் தட்டுவாள். வருஷக்கணக்காகத் தட்டினாள். பிறகு ஒரு வியாழனன்று படிக்க ஆரம்பித்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. ஒருநாள் காலை அவள் பள்ளிக்கூடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போகிறாள். பிள்ளைகள் முதலில் கத்துகிறார்கள், பிறகு பாடுகிறார்கள், பிறகு ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து வந்து, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் காதில் சொல்கிறது. பேருந்து கடலைப் பார்த்துப் போகிறது.

அவ்வளவுதான் கதை. நான் சொன்னால் இவ்வளவுதான். அவள் படித்தபோது க்ளைவ் தன் இரண்டு முழங்காலையும் மறந்தான். டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. நான் கையிலிருந்த பிஸ்கட்டைப் பொடிப்பொடியாக நொறுக்கியிருந்தேன். இவ்வளவு நல்ல கதையை இவள் இப்படித் திறந்து வைத்திருக்கிறாளே, யாராவது எடுத்துக்கொண்டுவிட்டால் என்ற பயம் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு என்னவாக இருக்க முடியும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் ஒரு அத்தியாயம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும்போது, கேட்டதை அப்படியே எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். காவல் இருக்கிறவளுக்குத் தான் எதைக் காக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒருநாள் க்ளைவிடம் கேட்டேன், இந்த உரிமை எத்தனை காலம் இருக்கும் என்று. கவிதை பாராட்டப்பட்டதைவிட அந்தக் கேள்விக்கு அவன் அதிகமாகச் சந்தோஷப்பட்டான். கேக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"புஸ்தகமா வந்துடுச்சுன்னா, எழுதினவங்க செத்து எழுபது வருஷம் வரைக்கும்தான். அப்புறம் ஊர்ச் சொத்து. யார் வேணாலும் அச்சடிக்கலாம், படம் எடுக்கலாம், பீர் பாட்டில்ல ஒட்டலாம்."

"வராட்டி?"

"அங்கதான் வேடிக்கை. உசிரோட இருக்கும்போது வெளியிடாம எழுதினவங்க போயிட்டாங்கன்னு வெச்சுக்கோ, அப்புறமும் யாரும் வெளியிடலன்னு வெச்சுக்கோ, உரிமை முடியவே முடியாது. உலகம் அழியற வரைக்கும் இருக்கும். நம்ம நாட்டுச் சட்டம் அப்படி."

நெரிடா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "அப்ப பத்திரமா இருக்கணும்னா செத்துத் தொலைக்கணுமா, க்ளைவ்? உன் முழங்கால் கவிதையெல்லாம் அமரத்துவம் அடைஞ்சுடும் போல."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது மட்டும் சிரிப்பு நின்றிருந்தது. சட்டம் ஒரு காரணமில்லாமல் அப்படி எழுதப்பட்டிருக்காது என்று தோன்றியது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது அது.

பிறகு நெரிடா லான்செஸ்டனில் நடந்த ஒரு எழுத்தாளர் விழாவுக்குப் போனாள். அங்கே மெல்போர்ன் பதிப்பகத்துக்காரி ஒருத்திக்குத் தன் கதையின் தொடக்கத்தைப் படித்துக் காட்டினாள். தாளைக் கையில் கொடுக்கவில்லை. அவளை நான் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். அந்தப் பெண் அங்கேயே அழுதாளாம். முழுவதையும் கொண்டுவா, புத்தகமாகப் போடுகிறோம் என்றாளாம். தபாலை நம்பக்கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆகவே ஒரே பிரதியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, நம் தீவிலிருந்து வெள்ளிக்கிழமை கப்பல் ஏறித் தானே மெல்போர்ன் போவதாக முடிவு செய்தாள்.

நான் அவளிடம் பேசிப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அவள் பேருந்துக்கே போனேன். கடலோரம் நிறுத்தியிருந்தாள்.

"யோசிச்சுப் பாரு, நெரிடா. கடையில வெச்சா கண்டவன் கையெல்லாம் படும். எவனாவது உன் பேருந்தை ரயிலா மாத்தி வித்துடுவான்."

"வித்துட்டுப் போறான். திருடற அளவுக்கு நல்லாருக்குன்னா எனக்குப் பெருமைதானே, கிழட்டுக் கோழி."

"சிரிக்காதே. எழுபது வருஷத்துல ஊர்ச் சொத்தாயிடும்."

"எழுபது வருஷம் கழிச்சு ஏதோ ஒரு பொண்ணு என் கதையை எடுத்துச் சொல்றான்னா, நான் கல்லறைக்குள்ள எழுந்து ஆடுவேன் மேவிஸ். எதுக்கு எழுதறோம்? யாராச்சும் எடுத்துக்கட்டும்னுதான்." பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ முன்னால உக்காந்து கண்ணை மூடிக் கேட்டே பாரு, அதனாலதான் முடிச்சேன். முதல் பக்கத்துல உன் பேரைப் போட்டிருக்கேன். மேவிஸுக்கு, அப்படின்னு."

அவள் நல்லவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தன் கதையின் மதிப்பு தெரியாதவள். சில பெற்றோர் இருக்கிறார்கள் பார், பிள்ளையை ரோட்டில் ஓட விட்டுவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளையை யாராவது பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கிறவளுக்கு நன்றி கிடைக்காது. அதற்காக இழுக்காமல் இருக்க முடியுமா?

மறுநாள் வியாழன். வழியனுப்பும் விழாவாகவே ஆகிவிட்டது. க்ளைவ் ஸ்கோன் கொண்டுவந்தான். யாரோ பாவ்லோவா கேக் செய்து எடுத்துவந்து, காரிலேயே அதன் மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டார்கள். நான் எப்போதும்போலச் சிப்பி ஊறுகாய் கொண்டுபோனேன். படகுத்துறைக் கால்களில் ஒட்டியிருக்குமே, அந்தக் கறுப்புச் சிப்பி. வினிகரில் ஊறப்போட்டால் என் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. வட்டத்தில் அதை வாயில் வைக்கிற ஒரே ஆள் நெரிடா. மற்றவர்கள் அதைப் பார்த்தாலே தேவாலயத்துக்கு வந்தவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அன்று பார்த்து க்ளைவுக்கு மரியாதை பொங்கிவிட்டது. முட்கரண்டியை நீட்டினான். நான் அவன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"உனக்கு இது ஒத்துக்காது. போ, போய் ஸ்கோனைத் தின்னு."

க்ளைவின் கவிதை யாருக்கும் வேண்டியதில்லைதான். ஆனாலும் அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தேவையில்லாத காரியம் எதையும் நான் செய்ததில்லை.

நெரிடா தட்டை வழித்துத் தின்றாள். கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். கைதட்டல் அடங்கிய பிறகு உதட்டைத் தடவிப் பார்த்து, "உதடே மரத்துப் போச்சு, க்ளைவ். உன் கவிதையைக் கேட்டதுல வந்த வெனை" என்றாள். அவனே சிரித்தான். பிறகு விரல் மரத்தது. பிறகு நாக்குப் பேச்சுக்கு ஒத்துழைக்கவில்லை. பிறகு மூச்சு. நம் ஊருக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு நிதானமாக வரும் என்று உனக்கே தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தனியாகப் போகக்கூடாது என்பது என் எண்ணம். அவள் என்னையே பார்த்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருப்பாள். வார்த்தை வரவில்லை.

பிறகு ஊர் செய்ததுதான் வேடிக்கை. கடலில் நச்சுப் பாசி பூத்திருக்கிறது, சிப்பியில் விஷம் ஏறியிருக்கும், பறிக்காதீர்கள் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் படகுத்துறையில் சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். பாவம், மேவிஸுக்குக் கண் மங்கிவிட்டது, பலகையைக் கவனிக்காமல் பறித்துவிட்டாள், தன் தோழியைத் தானே இப்படி, ஐயோ பாவம் என்றார்கள். என் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வரிசை கட்டின. ஆட்டிறைச்சிக் குழம்பு, பூசணி சூப், மறுபடியும் ஆட்டிறைச்சிக் குழம்பு. பாதிரியார் வந்து என்னை நானே மன்னிக்க வேண்டும் என்றார். சரி என்றேன். நீயும் வந்தாய், நினைவிருக்கிறதா? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க மேல தப்பு இல்ல மேவிஸ்" என்றாய். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

நெரிடாவின் பை கூடத்திலேயே கிடந்தது. அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். செத்தபிறகு யாராவது வெளியிட்டாலும் அன்றிலிருந்து எழுபது வருஷக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்று க்ளைவ் சொல்லியிருந்தான். மகள் ட்ரூடி இருக்கிறாள், அம்மா நினைவாகப் போடுகிறேன் என்று கிளம்புவாள். பிள்ளைகளுக்குப் பாசம்தான் இருக்கும், விவரம் இருக்காது. ஆகவே கணப்பை மூட்டினேன். மொத்தமாக வைத்தால் நடுத்தாள்கள் வேகாது, ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனால் ஒருமுறை படித்தால் போகாது எனக்கு. முதல் பக்கம் நன்றாக எரிந்தது. என் பேர் இருந்த பக்கம்.

ட்ரூடி வீடு முழுவதும் தேடினாள். பேருந்து இருக்கைகளைக்கூடக் கிழித்துப் பார்த்தாள். பிறகு இங்கே வந்து, நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். பூசணி சூப் கொடுத்தேன். நிறைய இருந்தது.

போன சனிக்கிழமை அவள் தன் பையனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் மகள் ஹேட்டி வழக்கம்போல முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேருந்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஓட்டுநரின் காதில் சொல்லும் இடத்தில் ட்ரூடி எழுந்து நின்றாள்.

"அது எங்கம்மா கதை. அம்மா எனக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டியிருக்காங்க. உங்களுக்கு எப்படி அது வரிக்கு வரி தெரியும்? அந்தப் பேப்பர் எங்க?"

நான் பிள்ளைகளிடம், அந்த அக்காவுக்கு மனசு சரியில்லை, நாம் கதைக்குப் போவோம் என்றேன். அவள் உன்னிடம் வந்தாள். நீ க்ளைவிடம் போனாய். அவன் தன் புறங்கையை உன்னிடம் காட்டியிருப்பான். எல்லாம் முறையாகத்தான் நடந்திருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பலகையைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறாய்? சொல்கிறேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, தம்பி. உன் சட்டையில் ஒரு பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருக்கிறாய், அதுகூடத் தெரிகிறது. பலகையைப் பார்த்தேன். நிதானமாக முழுவதையும் படித்தேன். மண்டையோட்டுப் படம்கூடப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகை இருந்ததால்தான் அங்கே பறித்தேன்.

அந்தச் சட்டம் மாறி வெகு நாளாகிவிட்டது, க்ளைவ் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது அவனுக்குத் தெரியவில்லை, இப்போது வெளிவந்தாலும் வராவிட்டாலும் எழுதியவர் போய் எழுபது வருஷம்தான் என்று நீ வந்ததும் சொன்னாய். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நாடாளுமன்றத்தில் இருப்பவர்கள் என்னிடம் சொல்லிவிட்டு மாற்றியிருக்கலாம். ஆனால் காகிதமே இல்லாதபோது எழுபது வருஷம் ஆனால் என்ன, எழுநூறு ஆனால் என்ன? அதை இனி எவனாலும் படி எடுக்க முடியாது. நாட்டிலேயே இவ்வளவு பத்திரமாக இருக்கும் கதை வேறு எது, சொல்.

அப்படியானால் உன் பெண்ணிடம் ஏன் அது என் கதை என்று சொன்னேன் என்கிறாய். குழந்தை கேட்டது, "இது யாரு கதை மேவிஸ்?" என்று. நெரிடா இல்லை, தாள் இல்லை. கதைக்கு ஒரு ஆள் வேண்டாமா? முடிவை மட்டும் கொஞ்சம் திருத்தினேன். அவள் முடிவில் ஓட்டுநர் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுவாள். என் முடிவில் பேருந்து கடலோரமே நிற்கும், யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. திருட்டு என்கிற வார்த்தையை ட்ரூடி சொல்லியிருக்கக்கூடாது. திருடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், தம்பி. அடுத்தவர் உழைப்பை எடுத்து, அங்கே இங்கே ஒன்றை மாற்றி, தன் பேரில் ஊருக்குச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். நான் அந்தக் கதையை ஒரு கணமும் கையை விட்டு விடாமல் காத்தவள்.

கோட்டை எடுத்துக்கொள்கிறேன், போகலாம். ஸ்கோனை ஒரு துணியில் கட்டித் தருகிறேன், வேண்டாமென்றால் கோழிக்குப் போடு. உன் வீட்டுக் கணப்பு அணையாமல் எரியட்டும். உன் மனைவிக்குச் சுகப் பிரசவம் ஆகட்டும். உன் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள் எல்லாரும் காலையில் சிரித்துக்கொண்டே எழட்டும். ஹேட்டி நன்றாக வளரட்டும். கெட்டிக்காரி அவள், ஒருநாள் ஏதாவது எழுதத்தான் போகிறாள். அது நன்றாக வந்திருந்தால், வேறு யாரிடமும் காட்டாமல் நேரே என்னிடம் கொண்டுவரச் சொல்.